மோஷன் டெஸ்டில் ஆறாவது முறையாக அமீபா: எதை நம்புவது?

கேள்வி, 2024 ஜூன் 3

வயது 34. நான்கு வருடமாக வயிறு சரியில்லை. காலையில் மூன்று முறை போக வேண்டியிருக்கிறது, சாப்பிட்டு எழுந்தால் பொருமல், வெளியூர் பஸ்ஸில் ஏறவே பயம். ஆறு முறை மோஷன் டெஸ்ட் எடுத்திருக்கிறேன். ஆறிலும் "ஈ. ஹிஸ்டோலிடிகா சிஸ்ட் காணப்பட்டது" என்றே வந்தது. ஒவ்வொரு முறையும் மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள். சாப்பிட்டால் இரண்டு மூன்று வாரம் நன்றாக இருக்கிறேன், பிறகு பழைய கதை. மருந்து கேட்கிறது என்றால் அமீபாதானே காரணம்? இதை அடியோடு ஒழிக்க வழி உண்டா? பூச்சி மாத்திரையும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 3, இரவு 9.40

பூச்சி மாத்திரை புழுவுக்கு. அமீபா புழு இல்லை, ஒற்றை உயிரணு. அதனால் அந்த மாத்திரை வீண்.

நான் டாக்டர் இல்லை. முப்பத்தொரு வருடம் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் குனிந்திருந்து, கழுத்து வலியோடு ஓய்வுபெற்றவன். உங்களுடைய ஆறு ரிப்போர்ட் போல ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன் தம்பி, ஆறையும் நம்ப வேண்டாம். ஏன் என்று நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை 6.15

சிஸ்ட் என்பது அமீபா கூடு கட்டிக்கொண்டு உறங்கும் நிலை. உருண்டையாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடச் சற்றுப் பெரியது. அயோடின் விட்டால் மஞ்சள் நிறம் ஏறி, உள்ளே அதிகபட்சம் நான்கு உட்கருக்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். நான்கு இருந்தால் "ஹிஸ்டோலிடிகா" என்று, அதாவது சீதபேதி உண்டாக்கும் அமீபா என்று எழுதுவோம். படித்ததும் அப்படித்தான், பழகியதும் அப்படித்தான்.

சிக்கல் என்னவென்றால், டிஸ்பார் என்று இன்னோர் அமீபா இருக்கிறது. அதே அளவு, அதே உருண்டை, அதே நான்கு உட்கரு. அது குடலில் குடியிருக்கும், தின்னும், பெருகும், யாருக்கும் தீங்கு செய்யாது. கூடு கட்டிய நிலையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரியாது, என் ஆசிரியருக்கும் தெரியாது, உலகத்தில் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. மரபணுச் சோதனையோ, அந்த அமீபாவுக்கே உரிய புரதத்தைத் தேடும் சோதனையோதான் பிரித்துச் சொல்லும்.

எமில் புரும்ப்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1925இலேயே இவை இரண்டு வேறு உயிர்கள் என்றார். அவருடைய சான்று பூனைக்குட்டிகள். ஒரு வகை அமீபாவைக் கொடுத்தால் குட்டிக்குச் சீதபேதி, மற்றதைக் கொடுத்தால் ஒன்றும் இல்லை. யாரும் ஏற்கவில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை இரண்டு என்று சொன்னால் யார் கேட்பார்? 1993இல் டயமண்டும் கிளார்க்கும் முறையாகப் பிரித்து எழுதிய பிறகுதான் அவர் சொன்னது சரி என்று ஆனது. அறுபத்தெட்டு வருடம்!

1997இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்தால் "ஹிஸ்டோலிடிகா அல்லது டிஸ்பார்" என்றுதான் எழுத வேண்டும், அறிகுறி இல்லாதவருக்கு அதை மட்டும் வைத்து மருந்து கொடுக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் அதற்குப் பிறகும் பல வருடம் வேலையில் இருந்தேன். "அல்லது டிஸ்பார்" என்று ஒரு ரிப்போர்ட்டிலும் எழுதியதில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்பது சாக்கு. கேட்பவர் இல்லை என்பதுதான் உண்மை.

ஜூன் 4, காலை 11.05

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. கூட்டை விட்டு வெளியே ஊர்ந்து திரியும் அமீபா, வயிற்றுக்குள் சிவப்பணுக்களை விழுங்கி வைத்திருந்தால் அது ஏறத்தாழ நிச்சயமாக ஹிஸ்டோலிடிகாதான். டிஸ்பார் பொதுவாக இரத்தம் குடிக்காது. ஆகவே சீதமும் இரத்தமுமாகப் போகிறவருடைய ஸ்லைடு வேறு கதை. உங்களுக்கு இரத்தம் போகிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. அதை முதலில் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு 8.30

இரத்தம் இல்லை, எடையும் குறையவில்லை, இரவில் எழுந்து போவதில்லை என்று பதில் வந்திருக்கிறது. நல்லது.

"மருந்து கேட்கிறதே" என்ற கேள்விக்கு வருகிறேன். மெட்ரோனிடசோல் அமீபாவை மட்டும் அடிக்கும் மருந்து இல்லை. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களையும் கூட்டம் கூட்டமாக அடிக்கும். பெருங்குடல் முழுக்க அவைதான். நாம் செரிக்காமல் விட்டதைப் புளிக்கவைத்துக் காற்று உண்டாக்குபவை அவை. மாத்திரை போட்டதும் அவை குறையும், காற்றும் குறையும், பொருமல் அடங்கும். இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வளர்ந்துவிடும், பொருமலும் திரும்பும். நீங்கள் சொல்லும் கணக்கு இதனோடு அப்படியே பொருந்துகிறதா இல்லையா?

வீட்டில் எலி என்று நினைத்துப் புகை போட்டோம், கொசு போனது, எலிதான் இருந்தது என்று முடிவு கட்டினோம். அவ்வளவுதான்.

இன்னொன்று. உண்மையிலேயே அது ஹிஸ்டோலிடிகாவாக இருந்தாலும், மெட்ரோனிடசோல் குடல் சுவருக்குள் புகுந்ததைக் கொல்லும். குடல் குழாய்க்குள் மிதக்கும் கூடுகளை ஒழிக்க டைலாக்சனைடு போன்ற இரண்டாவது மருந்து வேண்டும். உங்களுக்கு ஆறு முறையும் முதல் மருந்து மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆக, அமீபா என்று நம்பியவர்களும் அமீபாவுக்கான வைத்தியத்தை முழுதாகச் செய்யவில்லை.

ஜூன் 6

"ஆய்வகத்தில் என்னதான் பார்க்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேலியாகக் கேட்டாரோ என்னவோ, எனக்குச் சொல்ல ஆசை.

ஸ்லைடின் இடது பக்கம் ஒரு சொட்டு சலைன், வலது பக்கம் ஒரு சொட்டு அயோடின். விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்து, அதன் நுனியில் கடுகளவு எடுத்து முதலில் சலைனில் கலக்க வேண்டும், பிறகு அயோடினில். மாற்றிச் செய்தால் அயோடின் சலைனுக்குள் வந்துவிடும், உயிரோடு ஓடும் ஒன்றும் ஓடாது. மேலே கவர் ஸ்லிப். கலவை எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்றால், ஸ்லைடை அச்சடித்த தாள்மேல் வைத்தால் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். நான் தினசரிப் பத்திரிகையின் வரி விளம்பரப் பக்கத்தை மேசையில் விரித்து வைத்திருப்பேன். மணமகள் தேவை, இரண்டு படுக்கையறை வீடு வாடகைக்கு என்று அதன் வழியாகத்தான் ஊர் நிலவரம் தெரிந்துகொண்டேன்.

மாதிரி எப்படி வரும்? தீப்பெட்டியில் வரும். வெற்றிலையில் மடித்து வரும். மூடி இறுகாத ஹார்லிக்ஸ் பாட்டிலில், அதுவும் பாதிப் பாட்டில். ஒருவர் குங்குமச் சிமிழில் கொண்டுவந்தார், திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டும் போனார். ஏழு மணிக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள், இரத்தச் சர்க்கரை வரிசை முடிந்து நான் அதைத் தொடும்போது பதினொன்று. ஊர்ந்து திரியும் அமீபாவுக்கு வெளியே ஆயுள் அரை மணி. பதினொரு மணிக்கு நான் பார்த்தது அதன் பிணம்கூட இல்லை. சீழணுக்களையும், குடலைப் பழுதுபார்க்க வரும் பெரிய வெள்ளணுக்களையும் பார்த்து அமீபா என்று எழுதும் தவறு இப்படித்தான் நடக்கிறது. சலைன் தீர்ந்துபோன நாட்களில் குழாய்த் தண்ணீரையே விட்டுக் கலக்கியதும் உண்டு. அமீபா உயிரோடு வந்திருந்தாலும் அதில் வெடித்துச் செத்திருக்கும்.

ஜூன் 6, சற்றுப் பிறகு

"இப்படிப் பொய் ரிப்போர்ட் எழுதி எத்தனை பேரைக் கெடுத்தீர்கள்" என்று கேட்டவருக்கு: பொய் இல்லை, தவறு. யாருக்கும் பெரிய கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை. ஐந்து நாள் மாத்திரை, வாயில் செம்புக் காசை அடக்கிக்கொண்டது போல ஒரு கசப்பு, அவ்வளவுதான்.

ஜூன் 9, ஞாயிறு

அமீபாவைத் திட்டித் தீர்த்துவிட்டேன், ஜியார்டியா என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணியைப் பற்றி எழுதாவிட்டால் அதற்குக் கோபம் வரும். அது எனக்குச் சொந்தக்காரன்.

1999. ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போய், சத்திரத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வந்தேன். பத்து நாள் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் ஆரம்பித்தது. காய்ச்சல் இல்லை, இரத்தம் இல்லை. எண்ணெய் மிதக்கும் வெளிறிய போக்கு. ஏப்பம் விட்டால் அழுகிய முட்டை. பக்கத்து மேசை எழுத்தர் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டார், காரணம் சொல்லவில்லை.

எதையும் ஆறிய பிறகு பார்க்கும் நான், அன்று என்னுடையதை மூன்று நிமிடத்தில் ஸ்லைடில் ஏற்றினேன். மறக்க முடியாத காட்சி. அரசிலை மரத்திலிருந்து புரண்டு புரண்டு விழுமே, அப்படி நழுவி நழுவிப் போகின்றன. ஒன்று சற்று நின்றது. பேரிக்காய் உருவம், இரண்டு உட்கருக்கள் இரண்டு கண்கள், நடுவில் கோடு, கீழே வாய் போல ஒரு வளைவு. கட்டுகிற வீட்டின் முன்னால் தொங்கவிடும் திருஷ்டிப் பொம்மையின் முகம்! அது என்னை நிமிர்ந்து பார்த்தது. என் குடலில் இருந்து வந்து என்னையே பார்த்தது.

டினிடசோல் ஒரே வேளை, நான்கு மாத்திரை. மூன்றாம் நாள் நின்றது. கதை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பால் சேரவில்லை. காப்பி குடித்த அரை மணியில் வயிறு கடமுடா. ஜியார்டியா சிறுகுடலில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ஆசாமி. குடல் விரல்களின் நுனியில்தான் பால் சர்க்கரையை உடைக்கும் நொதி இருக்கிறது, அது முதலில் போய்விடும், திரும்பி வர வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். எனக்கு நான்கு மாதம் வரக்காப்பி. தயிர் ஒன்றும் செய்யவில்லை. என் மனைவி அதைத் தன் கைப்பக்குவத்தின் வெற்றி என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். உறை ஊற்றிய பாக்டீரியா பாதிச் சர்க்கரையை முன்பே தின்றுவிட்டது என்று நான் சொன்னால் எடுபடாது.

ஜூன் 10

சொந்த மலத்தைப் பார்த்து இதைக் கண்டவன் நான் முதல் ஆள் இல்லை. 1681 நவம்பரில் ஹாலந்தில் லேவன்ஹுக் என்ற துணி வியாபாரி, பேதி கண்ட தன் மலத்தைத் தானே செய்த லென்ஸ் வழியாகப் பார்த்து, குட்டிக் கால்கள் கொண்ட சிறு உயிர்கள் துரிதமாக அசைவதாக லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அது ஜியார்டியாதான் என்பது இன்றைய கருத்து. முந்நூற்றுச் சொச்சம் வருடம் பிந்தியவன் என்றாலும் நாங்கள் ஒரே கட்சி.

ஜூன் 15

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதினார்: "அப்படியானால் எனக்கு ஒட்டுண்ணி எதுவும் இல்லை, எல்லாம் மனப்பிரமை என்கிறீர்களா?"

இல்லை. இதற்கு நான் ஊரை விட்டு வெகுதூரம் போக வேண்டும்.

நார்வே நாட்டில் பெர்கன் என்ற நகரம். மழை ஊர். 2004 இலையுதிர் காலத்தில் நகரின் ஒரு பகுதிக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரியில் ஜியார்டியா கலந்தது. கசிந்த கழிவுநீர்க் குழாய்கள்மேல் சந்தேகம் விழுந்தது. தண்ணீருக்குக் குளோரின் போட்டிருந்தார்கள். பாக்டீரியாவுக்கு அது போதும், கூடு கட்டிய ஜியார்டியாவுக்குப் போதாது. வெளிநாடு போய்வந்தவருக்குத்தான் ஜியார்டியா வரும் என்று அங்கே எண்ணம், அதனால் முதலில் யாரும் அதைத் தேடவில்லை. கண்டுபிடிப்பதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் படுத்துவிட்டார்கள். ஆய்வகத்தில் உறுதியானவர்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல்.

நார்வேக்காரர்கள் செய்த நல்ல காரியம், விடாமல் பின்தொடர்ந்தது. மலத்தில் ஜியார்டியா இருந்ததாக உறுதியானவர்களைப் பட்டியல் எடுத்து, அதே வயதும் பாலினமும் கொண்ட, நோய் வராத ஆட்களோடு ஒப்பிட்டு, வருடக்கணக்கில் கடிதம் போட்டுக் கேட்டார்கள். மூன்று வருடம் கழித்து, நோய் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு எரிச்சல் குடல் நோய், அதாவது சோதனையில் ஒன்றும் தெரியாமலே வயிற்று வலியும் பேதியும் பொருமலும் நீடிப்பது. வராதவர்களில் பத்தில் ஒருவருக்கு. ஜியார்டியா பெரும்பாலானவர்களிடம் எப்போதோ போய்விட்டது. குடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான் தம்பி. விருந்தாளி போய்விட்டான், வீடு கலைந்து கிடக்கிறது. இப்போதும் அவனை உள்ளே தேடுகிறீர்கள். நான்கு வருடத்துக்கு முன் ஆரம்பித்தது எப்படி? ஒரு நாள் திடீரென்றா, மெல்ல மெல்லவா?

ஜூன் 15, இரவு

நினைவிலிருந்து எழுதியதால் எண்ணிக்கை பிசகிவிட்டது. திருத்தம்: மூன்று வருடத்தில் நோய் வந்தவர்களிடம் 46 சதவீதம், வராதவர்களிடம் 14. "பத்தில் ஒருவர்" என்றது குறைவு. ஆறு வருடத்தில் 39க்கு எதிராக 12. பத்து வருடத்தில் 43க்கு 14. ஆறாம் வருடம் சற்று இறங்கியதைப் பார்த்து மகிழ்ந்தால் பத்தாம் வருடம் சிரிக்கிறது. தீராத களைப்பும் அதே போல: மூன்றாம் வருடத்தில் 46க்கு 12.

ஜூன் 16

"எரிச்சல் குடல் நோய் என்று டாக்டர்கள் சொல்வதில்லையே, ஐ.பி.எஸ். என்கிறார்கள்" என்று ஒரு அன்பர். ஆமாம். என் மைத்துனருக்கு டாக்டர் "உங்களுக்கு ஐ.பி.எஸ்." என்று சொன்னபோது, அவர் வீட்டுக்கு வந்து, "இந்த வயதில் என்னை எந்த மாவட்டத்தில் போடுவார்களோ" என்றார். அவருக்கு நகைச்சுவை இருந்தது, அதனால் பாதி நோய் தாங்கினார்.

ஜூன் 22

பிளாஸ்டோசிஸ்டிஸ் என்ற குடல் நுண்ணுயிர் ரிப்போர்ட்டில் வந்ததாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பார்க்க மோதிரம் போல இருக்கும்: நடுவில் பெரிய வெற்றிடம், ஓரத்தில் உட்கருக்கள் கல் பதித்தது போல. என் அனுபவத்தில் வயிற்றுக் கோளாறு உள்ளவர்களிடம் இது நிறையத் தென்படும். ஆகவே இதை அலட்சியம் செய்ய வேண்டாம், மருந்து சாப்பிடுவது நல்லது.

ஜூன் 23

நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும், என் முட்டாள்தனத்துக்குச் சாட்சியாக.

வயிறு சரியில்லாதவர்கள்தான் என்னிடம் மாதிரி கொடுத்தார்கள். அவர்களிடம் நிறையக் கண்டேன் என்றால் அதில் என்ன இருக்கிறது? வயிறு நன்றாக இருக்கிறவர் யார் தீப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்? டிஸ்பார் விஷயத்தில் எதற்காக உலகத்தைத் திட்டினேனோ அதையே இருபது நாளில் நானே செய்திருக்கிறேன்.

செனகலில் ஓர் ஆற்றோரக் கிராமப் பகுதியில் 93 குழந்தைகளை மரபணுச் சோதனையில் பார்த்தார்கள், 2014இல் வெளியானது. 93 பேரிடமும் பிளாஸ்டோசிஸ்டிஸ் இருந்தது. ஆரோக்கியமாக இருந்த குழந்தைகளிடமும் இருந்தது. ஐரோப்பாவில் குடல் பாக்டீரியாக்கள் பல்வகையாகச் செழித்திருப்பவர்களிடம் இது அதிகம் காணப்படுவதாகவும், குடல் அழற்சி நோயாளிகளிடம் குறைவு என்றும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. குற்றவாளி என்று பிடித்தவர் ஊர்ப் பெரியவராக இருந்தால்? சில உட்பிரிவுகள் சிலருக்குத் தொல்லை தரலாம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் பெயர் வந்ததும் மாத்திரை என்ற நியாயம் இல்லை, மெட்ரோனிடசோலுக்கு அது சரியாகக் கட்டுப்படுவதும் இல்லை.

இதைப் போலத்தான் டயன்டமீபா என்று இன்னொரு குடல் ஒட்டுண்ணி. டென்மார்க்கில் அது இருந்த, நாள்பட்ட வயிற்றுக் கோளாறுள்ள குழந்தைகளில் பாதிப்பேருக்கு மெட்ரோனிடசோல், பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்று வலியில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

ஜூன் 23, இன்னொன்று

"ஈ. கோலை சிஸ்ட்" என்று ரிப்போர்ட் வந்து, யாரோ மருந்துக்கடையில் அதைப் பாக்டீரியா என்று நினைத்து ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தார்களாம். அதே பெயர்ச் சுருக்கத்தில் ஒரு சாது அமீபா இருக்கிறது. எட்டு உட்கரு. ஒன்றும் செய்யாது. நீங்கள் எப்போதோ அழுக்குத் தண்ணீர் குடித்தீர்கள் என்பதற்கு மட்டும் அது அத்தாட்சி. ஈ. கோலை பாக்டீரியாவுக்குச் சிஸ்டே கிடையாது.

ஜூன் 30

பேச்சு தவறான பக்கம் சாய்கிறது. "அப்படியானால் அமீபா என்பதே கட்டுக்கதை, இனி மருந்தே வேண்டாம்" என்று ஒருவர் முடிவுக்கு வந்துவிட்டார். ஐயா, நில்லுங்கள்.

அமீபா கல்லீரலில் புகுந்து கட்டியாக்கும். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், இருமினால் தோளில் குத்தும். ஊசியால் உறிஞ்சினால் கெட்டிப் புளிக்குழம்பு நிறத்தில் சீழ் வரும், நாற்றம் இருக்காது. வருகிறவர்களில் பெண்களைவிட ஆண்கள் பல மடங்கு. யாழ்ப்பாணத்தில் இதை ஆராய்ந்தவர்கள் பார்த்த நோயாளிகள் அநேகமாக எல்லோரும் கள்ளுக் குடிக்கும் ஆண்கள், கிருமி உண்மையான ஹிஸ்டோலிடிகா என்று மரபணு வழியாகவும் உறுதிசெய்தார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் பனைமரக் காலத்தில் இப்படி வருவார்கள். வேடிக்கை என்னவென்றால் கல்லீரலில் முஷ்டியளவு கட்டியோடு வந்தவருடைய மலத்தில் பெரும்பாலும் ஒன்றும் தென்படாது. நோய் இருக்கும் இடத்தில் ஸ்லைடு காலி. ஸ்லைடு நிறைந்த இடத்தில் ஆள் குத்துக்கல்லாக நிற்கிறார்.

1933இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்தவர்களுக்கு ஓட்டல் தண்ணீரில் கழிவுநீர் கலந்து அமீபிக் சீதபேதி வந்தது. சுமார் 1,400 பேருக்கு நோய், 98 பேர் இறந்தார்கள். ஊர் திரும்பிய பிறகு நோய் கண்டதால் உள்ளூர் டாக்டர்களுக்கு அமீபா என்ற நினைப்பே வரவில்லை. குடல்வால் அழற்சி என்று வயிற்றைக் கிழித்தார்கள், சிலர் அதிலேயே போனார்கள். அவர்களுக்கு அமீபா என்ற சந்தேகமே இல்லை, நமக்கு அமீபாவைத் தவிர வேறு சந்தேகமே இல்லை.

ஜூலை 7

கேன் தண்ணீர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. வேலூரில் நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குக் கேன் தண்ணீர், மற்றவர்களுக்கு நகராட்சித் தண்ணீர் என்று வைத்துக் கிரிப்டோஸ்போரிடியத்தைத் தேடினார்கள். அது குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ஒட்டுண்ணி, குளோரினை மதிப்பதே இல்லை. இரு பிரிவிலும் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் வந்தது, வித்தியாசம் இல்லை. கை, தரை, பாத்திரம், கூடப்பிறந்தது என்று அதற்கு வழி ஆயிரம். கொதிக்க வைத்த தண்ணீர் நல்லதுதான். கொதிக்க வைத்த பிறகு டம்ளரைக் குடத்துக்குள் கையோடு விடாதீர்கள்.

ஜூலை 13, இரவு 2.10

தூக்கம் வரவில்லை. ஜூன் 6ஆம் தேதி, யாருக்கும் பெரிய கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை என்று எழுதினேன். அது பொய்.

ஒரு தையற்காரர். ஐம்பது வயதிருக்கும். இரண்டு வருடத்தில் ஏழு முறை மாதிரி கொண்டுவந்தார், எப்போதும் கழுவிக் காயவைத்த சுண்ணாம்பு டப்பாவில், மேலே அளவு எடுக்கும் நாடாவின் வெட்டுத் துண்டால் கட்டி. ஏழு ரிப்போர்ட்டில் நான்கு என் கையெழுத்து. "சிஸ்ட் காணப்பட்டது." முதல் முறை நிஜமாகவே நான்கு உட்கருக்களை எண்ணினேன். இரண்டாவது முறையும் இருக்கலாம். பிறகு வந்தவற்றில் சிவப்பணுக்கள் நிறைய இருந்தன, அதையும் எழுதினேன், கீழே பழக்கத்தில் சிஸ்ட் என்றும் எழுதினேன். ஒன்றும் இல்லை என்று எழுதினால், "காசு கொடுத்து டெஸ்ட் எடுத்தும் ஒன்றும் இல்லையா" என்று கேட்பார்கள், டாக்டரும் மறுபடி பார்க்கச் சொல்வார். சிஸ்ட் என்று எழுதினால் எல்லோருக்கும் வேலை முடியும். மாத்திரை எழுதலாம், வாங்கலாம், வீட்டுக்குப் போகலாம்.

அவர் சட்டை மெல்ல மெல்லத் தளர்ந்தது. தையற்காரர் சட்டை, பிடித்துத் தைத்துக்கொள்ளத் தெரியாதவரா? அவர் அதை விட்டுவிட்டார். கடைசியில் பெரிய ஊருக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்த்தபோது மலக்குடலில் கட்டி. அந்தச் சிவப்பணுக்கள் அங்கிருந்து வந்தவை. அவருடைய மகன் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து, சண்டைக்கு வரவில்லை, "இதில் எது சார் உண்மை?" என்று கேட்டான். முதலாவது என்றேன்.

ஜூலை 14

மேலே எழுதியதற்கு ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி, வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்கள், இரத்தம் போகிறவர்கள், எடை குறைகிறவர்கள், இரவில் எழுந்து போகிறவர்கள், இரத்தசோகை உள்ளவர்கள்: அமீபா என்ற ரிப்போர்ட்டோடு அடங்கிவிடாதீர்கள். உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூலை 28

தம்பி எழுதியிருக்கிறார். குடல் மருத்துவரைப் பார்த்தார். குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் சோதனை இயல்பு. மலத்தில் மரபணுச் சோதனை: ஹிஸ்டோலிடிகா இல்லை, ஜியார்டியா இல்லை, டிஸ்பார் இருக்கிறது. ஆறு ரிப்போர்ட்டிலும் வந்தவர் அவர்தான், பாவம், வாடகை பாக்கியில்லாத குடித்தனக்காரர். நான்கு வருடத்துக்கு முன் ஒரு சுற்றுலாவில் பத்து நாள் கடும் பேதி, அதன் பிறகுதான் இந்தத் தொல்லை என்பதும் இப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்கிறது. டாக்டர் ஐ.பி.எஸ். என்றாராம். எந்த மாவட்டம் என்று நான் கேட்கவில்லை.

பாலைக் குறைத்திருக்கிறார், வெங்காயத்தைக் குறைத்திருக்கிறார், பரவாயில்லை என்கிறார். போன வாரம் பஸ்ஸில் திருச்சி போய் வந்தாராம், இடையில் ஒரே ஒரு முறை இறங்கினார்.

ஆகஸ்ட் 2

"மாதிரி எப்படிக் கொடுக்க வேண்டும்?" கடைசியாக வந்த இந்தக் கேள்வி முதலில் வந்திருக்க வேண்டும். அகல வாய் பிளாஸ்டிக் டப்பா, ஆய்வகத்திலேயே தருவார்கள். சிறுநீரோ தண்ணீரோ கலக்கக்கூடாது. சீதமோ இரத்தமோ இருந்தால் அந்தப் பகுதியை எடுங்கள். ஜியார்டியா தினமும் தலைகாட்டாது, ஆகவே வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி. தண்ணீராகப் போகிறது என்றால் அரை மணிக்குள் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயே நின்று, "இப்போதே பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். முறைப்பார்கள். நானும் முறைத்திருக்கிறேன்.

தீப்பெட்டி வேண்டாம்.